கிளீட்டஸும் நிறைந்துபோன டிஸ்கும்

கிளீட்டஸ் போய்விட்டார் என்ற செய்தி வந்தபோது நான் கோட்டாறில் என் கடையில் உட்கார்ந்து ஒரு பள்ளிக்கூடத்துக் கணினிக்கு லினக்ஸ் ஏற்றிக்கொண்டிருந்தேன். அவருடைய மகள்தான் கூப்பிட்டாள். "மாமா, அப்பா போயாச்சு. காலையில கஞ்சி குடிச்சாரு. டிவி சத்தத்தக் கொறைக்கச் சொன்னாரு. பொறவு பாத்தா..." என்று நிறுத்திக்கொண்டாள். "சரி மக்கா, வாறேன்" என்றேன். வேறு என்னத்தைச் சொல்வது? கொஞ்ச நாளாகவே நெஞ்சுவலி அவரை வீட்டுக்கும் நாகர்கோவில் ஆஸ்பத்திரிக்குமாக அலைக்கழித்துக்கொண்டிருந்தது. அந்த அலைச்சலில் பாதி என்னுடைய ஸ்கூட்டரின் பின்சீட்டில்தான் நடந்தது.

எனக்கு அழுகை வரவில்லை. அழுவதற்கும் உடம்பில் ஒரு தெம்பு வேண்டும். இந்த வயதில் சாவுச்செய்திகள் கரண்டு பில் மாதிரி முறை தவறாமல் வந்துகொண்டிருக்கின்றன. கடையைச் சாத்திவிட்டு, முழங்கால் வலியோடு பஸ் ஏறி உங்கள் ஊருக்கு வந்து சேர்ந்தேன். கிளீட்டஸ் வீட்டு வாசலில் போட்டிருந்த நாற்காலிகளில் பெரும்பாலும் காலி நாற்காலிகள்தான் இருந்தன. அவற்றில் ஒன்றை இழுத்துப்போட்டு உட்கார்ந்தேன்.

நான் உங்கள் ஊர்க்காரன் இல்லை. குளச்சலுக்கு மேற்கே, கடல் ஓரத்து ஊர்களில் உப்புக்காற்று தின்ற கணினிகளைச் சரிசெய்ய வந்துபோகிற கடைக்காரன் சுயம்பு. உங்கள் கோயில் மலரில் எனக்குப் பக்கம் கொடுத்ததே பெரிது. ஆனாலும் கிளீட்டஸைப் பற்றி எழுத ஆள் வேண்டுமென்றால் அது நான்தான். ஏனென்றால் கடைசிச் சில வருடங்களில் அவரோடு உட்கார்ந்து சாயா குடித்தவன் நான் ஒருவன்தான். உங்களைக் குறை சொல்லி எழுதுவதாக நினைக்க வேண்டாம். குறை சொல்லவும் எனக்கு அலுத்துவிட்டது.

வெளியூரில் இருந்து இதைப் படிக்கிறவர்களுக்காக அவரைச் சொல்லிவிடுகிறேன். கிளீட்டஸ் வளைகுடாவில் எண்ணெய்க் கப்பல்களின் ரேடியோ அறையில் வேலை பார்த்தவர். ஊருக்குத் திரும்பிவந்ததும் எல்லாரையும் போல மாடி கட்டி, கார் வாங்கி, சும்மா இருக்கவில்லை. மீனவர் சங்கக் கட்டிடத்தின் மாடியில் ஒரு வயர்லெஸ் அறை வைத்தார். கடலுக்குப் போன வள்ளங்களோடு கரையில் இருந்து பேசுவது, காற்று மாறினால் எச்சரிப்பது, யாராவது மாட்டிக்கொண்டால் எங்கே என்று கேட்டு மற்ற வள்ளங்களை அனுப்புவது, இவைதான் அங்கே வேலை. வள்ளங்களில் இருந்து வரும் பேச்சையெல்லாம் ஒரு கணினி பதிவு செய்துகொண்டே இருக்க வேண்டும் என்று ஆசைப்பட்டார். அந்தக் கணினியை விற்றவன் நான்.

வழக்கம்போலத் திருட்டு விண்டோஸ் ஒன்றைப் போட்டுக் கொடுக்கப் போனேன். மனிதர் என் கையைத் தட்டிவிட்டார். "களவு சாமான வச்சிக்கிட்டு கடல்ல போறவனுக்குக் காவல் இருக்கப்பிடாது ஓய்" என்றார். சரி என்று, களவு இல்லாமல் இலவசமாகவே கிடைக்கும் லினக்ஸை எடுத்துவந்தேன். அன்றைக்கே எங்களுக்குள் முதல் சண்டையும் வந்தது.

லினக்ஸ் ஏற்றும்போது டிஸ்கைப் பாகம் பிரிக்க வேண்டும். அதில் ரூட் என்று ஒரு பாகம். இயங்குதளம் குடியிருப்பது அங்கேதான். மற்ற பாகங்கள் எவ்வளவு காலியாகக் கிடந்தாலும் ரூட் நிறைந்துவிட்டால் கணினி நொண்டும், பிறகு படுத்துவிடும். அதனால் ரூட்டுக்குத் தாராளமாக இடம் விடுவோம் என்றேன். அவர் கேட்கவில்லை. ரூட்டைச் சுருக்கி ஒரு மூலையில் ஒதுக்கிவிட்டு, பதிவுகளுக்கென்று வெளியே தனியாக ஒரு பெரிய டிஸ்கும் மாட்டச் சொன்னார். "ஆளுகளுக்க சத்தம்தான் முக்கியம். உம்ம லினக்ஸ் ஒதுங்கி இருந்துக்கிடட்டும்." அவர் வீடும் அப்படித்தான். பெரிய முன்னறை; வருகிறவர்கள் எல்லாம் உட்காரலாம். அடுக்களையில் இரண்டு பேர் சேர்ந்து நிற்க முடியாது. "அடுக்களைக்கு எடம் விடாம வீடு கெட்டுன மனுசன்ட்ட என்ன பேச?" என்று அவருடைய மனைவி எனக்குச் சாயா கொண்டுவந்து வைத்துவிட்டுத் தலையில் அடித்துக்கொண்டார். நானும் விட்டுவிட்டேன்.

அவர் வள்ளங்களைக் கூப்பிடும் முறையை நீங்கள் எல்லாரும் கேட்டிருக்கிறீர்கள். இருந்தாலும் சொல்கிறேன், மறந்துபோனவர்கள் இருக்கிறார்கள். "எல்லா வள்ளங்களின் கவனத்துக்கும்" என்று அவர் ஒருநாளும் சொன்னதில்லை. ஒவ்வொரு வள்ளத்தையும் அதில் இருப்பவனுடைய பெயரைச் சொல்லித்தான் கூப்பிடுவார். அவன் பதில் சொல்லும்வரை அடுத்த பெயருக்குப் போகமாட்டார். "கேட்டுச்சுன்னு சொல்லு மக்கா. நீ சொல்லாம நான் விடமாட்டேன்." ஒருநாள் நான் பொறுமை கெட்டு, "ஒரே அடியா எல்லாருக்கும் சொல்லித் தொலைக்கப்பிடாதா ஓய்?" என்று கேட்டேன். "பொதுவா சொன்னா அது கடலுக்குச் சொன்னது மாதிரி. கடலுக்குத் தெரியாதா காத்து வருதுன்னு?" என்றார். இப்படிப்பட்ட மனிதர் ஒரு பெயரைக் கூப்பிட மறந்தார் என்று நீங்கள் நம்பினீர்கள்.

அந்தப் புயல் நாளை நான் நேரில் பார்க்கவில்லை. கோட்டாறில் என் கடைக்கூரை பறக்காமல் பிடித்துக்கொண்டிருந்தேன். கிளீட்டஸ் சொன்னதுதான். காலையிலேயே காற்று கோணலாகத் திரும்பியது. கரண்டு போனது. ஊரில் இன்வர்ட்டர் ஓடிய இடம் வயர்லெஸ் அறை ஒன்றுதான். கடலுக்குப் போனவர்களுடைய வீட்டுப் பெண்கள் எல்லாம் சங்கக் கட்டிடத்தில் வந்து கூடிவிட்டார்கள். செய்தி கேட்கவும் வந்தார்கள். சார்ஜ் போன செல்போன்களோடும் வந்தார்கள். இருந்த பிளக்குகள் எல்லாம் நிறைந்துவிட்டன. அப்போது ஷைனி படியேறி வந்திருக்கிறாள். அவளுடைய கணவன் ரீகனும் ரீகனின் அண்ணன் ராபினும் ஒரே வள்ளத்தில் வெளியே இருந்தார்கள். "மாமா, அவிய கரைப்பக்கம் வந்தா செல்லுல கூப்பிடுவாவ. எனக்க போனு செத்துக் கெடக்கு" என்று அழுதிருக்கிறாள். கிளீட்டஸ் குனிந்து, கைக்கு அகப்பட்ட ஒரு பிளக்கைப் பிடுங்கி, அவளுடைய சார்ஜரைச் சொருகினார். அவர் பிடுங்கியது பதிவு டிஸ்கின் பிளக். கொஞ்ச நேரத்தில் கணினி தானாக அணைந்து மறுபடி எழுந்தது. வயர்லெஸ்ஸைக் காதில் வைத்துக்கொண்டு கூப்பிட்டுக்கொண்டிருந்தவருக்கு அதைக் கவனிக்க நேரம் இல்லை.

"மாமா, எங்க வீட்டுல கூப்பிட்டாவளா?" என்று ஷைனி கீழே இருந்து கேட்டதற்கு, "கூப்பிட்டான் பிள்ள, வாறான்" என்று பதில் சொன்னார். அதைக் கேட்டவர்கள் நிறையப் பேர். பிறகு வயர்லெஸ் அறையின் உயரமான ஏரியல் கம்பம் சரிந்தது. மற்ற வள்ளங்கள் ஒவ்வொன்றாகக் கரை சேர்ந்தன. சில குளச்சலில், சில வேறெங்கோ. ரீகனும் ராபினும் வரவில்லை. உடல்களும் கிடைக்கவில்லை. உடல் இல்லாமலேதான் பூசை வைத்தீர்கள்.

அதற்குப் பிறகு பேச்சு கிளம்பியது. யார் கிளப்பியது என்று எனக்குத் தெரியாது; தெரிந்து ஆகப்போவதும் இல்லை. ரீகன் வள்ளத்தை கிளீட்டஸ் கூப்பிடவே இல்லையாம். கூப்பிட்டேன் என்று அந்தப் பெண்ணிடம் பொய் சொல்லிவிட்டாராம். "வாறான்" என்று சொன்னதால்தான் யாரும் தேடிப்போகாமல் இருந்துவிட்டார்களாம். பதிவைப் போட்டுப் பார்த்தால் தெரிந்துவிடும் என்று ஊர்க்கமிட்டி சொன்னது. பதிவு டிஸ்கை மறுபடி சொருகிப் பார்த்தால், புயல் நாள் காலைவரைக்கும் எல்லாம் இருந்தது. கரண்டு போன பிறகு நடந்தது மட்டும் இல்லை. கணினியும் பாதியில் தொங்கி நின்றது. "அழிச்சிட்டாரு" என்றார்கள். சங்கச் செயலாளர் எனக்குப் போன் போட்டு, வந்து புதிதாக லினக்ஸ் ஏற்றிக் கொடுக்கச் சொன்னார்.

ஒரு மத்தியான வெயிலில் போனேன். கிளீட்டஸ் சவரம் செய்யாத முகத்தோடு மூலையில் உட்கார்ந்திருந்தார். செயலாளர் நின்றுகொண்டிருந்தார். நான் பழைய அமைப்புகள் கலையாமல் மேலேயே புதிய பதிப்பை ஏற்றப் பார்த்தேன். ரூட்டில் இடமில்லை என்று திரை சொன்னது. வழக்கமான வைத்தியங்களைச் செய்தேன். முன்பு இறக்கி வைத்த பொதிகளை நீக்கினேன், பழைய கெர்னல்களைத் தூக்கினேன், லினக்ஸ் தனக்கென்று எழுதி வளர்த்திருந்த குறிப்புக் கோப்புகளைக் கத்தரித்தேன். சொட்டுச் சொட்டாகத்தான் இடம் கிடைத்தது. மறுபடியும் ஏற்றினால் மறுபடியும் இடமில்லை. எனக்கு வேர்த்து ஊற்றியது. மாடி அறையில் மின்விசிறியும் இல்லை.

"சவத்த முழுசா அழிச்சிட்டுப் புதுசா ஏத்திருவோம் ஓய்" என்றேன். "ரூட்டுல என்ன பெரிய புதையலா இருக்கு? வெறும் லினக்ஸ்தானே. உம்ம பதிவெல்லாம் வெளி டிஸ்கில பத்திரமா இருக்கு."

"அழிச்சிரும், சட்டுனு முடியும்" என்றார் செயலாளர். எனக்குச் சாயா சொல்வதற்காகக் கீழே இறங்கிப் போனார்.

நான் அழிக்கும் பொத்தானுக்கு வந்துவிட்டேன். கிளீட்டஸ் எழுந்துவந்து விசைப்பலகையின் மேல் கையை வைத்தார்.

"நில்லும் ஓய். ஒரு கணக்கு பாரும். ரூட்டுல உள்ள ஃபைலையெல்லாம் கூட்டினா எவ்வளவு வருது?"

கூட்டிப் பார்த்தேன். பாதிகூட வரவில்லை. ஆனால் ரூட் முழுக்க நிறைந்திருப்பதாக அதே கணினிதான் சொல்லிக்கொண்டிருந்தது. "மிச்சத்த எந்தப் பூனை தின்னுச்சு?" என்றார். அலுப்பில் என் மூளை ஓடவில்லை என்பதுதான் உண்மை. அவர் கொஞ்ச நேரம் வெளி டிஸ்கின் பிளக்கையே பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு, "நான் அதப் பிடுங்கினேன் ஓய். ஷைனிக்க போனுக்காக. பொறவு மெஷின் அணைஞ்சு எழும்பிச்சுதே, அப்ப பதிவு எங்க போயி விழுந்திருக்கும்?" என்றார்.

லினக்ஸில் வெளி டிஸ்க் ஒரு கோப்புறையின் மேல் வந்து உட்காரும். எங்கள் கணினியில் அந்தக் கோப்புறைக்குப் பெயர் "கடல்". டிஸ்க் மாட்டியிருந்தால், "கடல்" என்ற பெயரில் எழுதுவது எல்லாம் டிஸ்குக்குப் போகும். டிஸ்க் இல்லாவிட்டாலும் அந்த வெறும் கோப்புறை ரூட்டில் இருக்கத்தான் செய்யும். பதிவு செய்யும் நிரல் வித்தியாசம் தெரியாமல் அதிலேயே எழுதும். பிறகு டிஸ்கை மறுபடி மாட்டினால், அது மேலே வந்து மூடிக்கொள்ளும். அடியில் இருப்பது கண்ணுக்கும் தெரியாது, கணக்கிலும் வராது. தரையில் கிடந்த சாமானின் மேல் பாயை விரித்த மாதிரி.

"பாயைச் சுருட்டும் ஓய்" என்றார்.

டிஸ்கைக் கழற்றினேன். "கடல்" காலியாக இருந்திருக்க வேண்டும். இல்லை. பிளக்கைப் பிடுங்கியதில் இருந்து புயல் நாள் முழுதும் அதற்குள் இருந்தது. அவர் ஒதுக்கிக் கொடுத்த அந்தச் சின்ன மூலையில், இனி ஒரு துளிக்கும் இடமில்லை என்ற அளவுக்கு அடைத்துக்கொண்டு கிடந்தது. இவ்வளவு நேரம் நான் அழிக்கப் பார்த்தது இதைத்தான்.

ஒலியைக் குறைத்து வைத்து இருவரும் கேட்டோம். ரீகனுடைய குரல் தெளிவாக இருந்தது.

முதலில் சிரிப்பு. "மாமா, சூரை நல்லா கெடச்சிருக்கு. ஷைனிட்ட தேங்கா அரைச்சு வைக்கச் சொல்லுங்க." பிறகு குரல் மாறியது. "கேக்குது மாமா. திரும்பச் சொல்லுறது கேக்குது. ஒரு வலை மட்டும் கெடக்கு, அத எடுத்திட்டுத் திரும்பிருவோம்." பிறகு, "அண்ணன் விட்டுட்டுப் போலாங்கான். நான்தான் எடுத்திட்டுப் போவோம்னு சொல்லுறேன். புது வலை மாமா." கடைசியில், "ஷைனிட்ட மட்டும் சொல்லிராதீங்க. அவ பயப்படுவா."

அதற்குப் பிறகு வெறும் இரைச்சல். நிறுத்திவிட்டோம்.

எனக்கு முதலில் வந்தது சந்தோஷம்தான், மறைக்கவில்லை. "ஓய், தப்பிச்சீரு! இதக் கமிட்டியில போட்டுக் காட்டினா எல்லாப் பயலுக்க வாயும் அடஞ்சு போவும்" என்றேன். கிளீட்டஸ் நாற்காலியில் உட்கார்ந்து முகத்தைத் துடைத்துக்கொண்டார். துடைத்துத் துடைத்துத் தீரவில்லை.

"போட்டுக் காட்டினா என்ன ஆவும்?" என்றார். "ராபினுக்க பொண்டாட்டியும் மூணு பிள்ளைகளும் பக்கத்து வீட்டுல இருக்காவ. அண்ணன் போவோம்னு சொன்னான், தம்பி வலைக்கு ஆசைப்பட்டான். அவ ஷைனியச் சும்மா விடுவாளா? ஊரு விடுமா? செத்தவன் வந்து பதில் சொல்லுவானா? எனக்கு வாய் இருக்கு ஓய், நான் தாங்கிக்கிடுவேன்."

"நீரு என்ன புனிதரா? உமக்குக் கொடியேத்தித் திருவிழா எடுக்கவா போறாவ?" என்று கத்தினேன். அவர் சண்டைக்கு வரவில்லை. அந்தச் சூரைமீன் வரைக்கும் வெட்டி, அதை ஷைனியிடம் கொடுக்கச் சொன்னார். "அவளுக்கு அவனுக்க சிரிப்பு இருக்கட்டும்." மீதியை என்ன செய்ய என்று கேட்டேன். "அழிக்காதயும். உம்ம கடையில வையும். ஷைனி கேட்டா குடும். வேற யாரு கேட்டாலும் குடுக்காதயும். நான் வந்து கேட்டாக்கூட." செயலாளர் சாயாவோடு மேலே வந்தபோது நான் பதிவை என் பென்டிரைவில் எடுத்துக்கொண்டு, ரூட்டை அழித்து, இந்த முறை தாராளமாக இடம் விட்டு, புதிய லினக்ஸை ஏற்ற ஆரம்பித்திருந்தேன்.

நடந்தது உங்களுக்கே தெரியும். ஷைனியிடம் இருந்த அந்தச் சின்னப் பதிவை ஊரே கேட்டது. கேட்டுவிட்டு என்ன சொன்னீர்கள்? "பாருங்க, பய சிரிச்சிட்டு இருக்கான். காத்து வருதுன்னு ஒருத்தரும் அவனுக்குச் சொல்லல்ல. சொல்லியிருந்தா சிரிப்பானா?" மீதி எங்கே என்று கமிட்டியில் கேட்டபோது, "அவ்வளவுதான் இருக்கு" என்றார் கிளீட்டஸ். அறைச் சாவியை வாங்கிக்கொண்டார்கள். அவர் உண்டாக்கிய அறைக்குள் அவர் போக முடியவில்லை. பூசையில் அவர் உட்காரும் பெஞ்சில் வேறு யாரும் உட்காருவதில்லை என்று அவருடைய மகள் சொன்னாள். இருபது வருஷம் வெளிநாட்டில் இருந்தபோதுகூட அப்பா இவ்வளவு தனியாக இருந்ததில்லை என்றாள்.

அந்த வருடங்களில் அவர் அடிக்கடி பஸ் ஏறிக் கோட்டாறுக்கு வருவார். கடையில் ஓரமாக உட்கார்ந்து பேப்பர் படிப்பார். யாராவது டிஸ்க் நிறைந்துவிட்டது என்று கணினியைத் தூக்கிவந்தால் அவருக்கு உற்சாகம் வந்துவிடும். "எடம் இல்லன்னா முதல்ல அழிக்கப் போவாதயும். யாரு வந்து இருக்கான்னு பாரும்" என்பார். ஒருநாள் உங்கள் ஊர்க் கல்யாணம் ஒன்றில் யாரோ அவரை முகத்துக்கு நேரே ஏதோ சொல்லிவிட்டார்கள். நேராக என் கடைக்கு வந்தார். வெள்ளைச்சட்டை, வேட்டி, சாப்பிடாத வயிறு. வழக்கமான ஓரத்தில் உட்கார்ந்துகொண்டு, "அது இருக்கா ஓய்?" என்று கேட்டார்.

"இருக்கு."

அதைக் கொடு என்று கேட்பார் என்று நினைத்தேன். கேட்டால் கொடுத்திருப்பேன், அவர் போட்ட நிபந்தனையாவது மண்ணாங்கட்டியாவது. "சரி" என்றார். "பசிக்கி. ரெண்டு புரோட்டா வாங்கும்" என்றார். சாப்பிட்டுவிட்டு பஸ் ஏறிப் போய்விட்டார். அதற்குப் பிறகு கேட்கவே இல்லை.

அடக்கத்தன்று கல்லறையில் ஷைனி தள்ளித்தான் நின்றாள். சில நாள் கழித்து, கடை திறந்த நேரத்தில் வந்து நின்றாள். தலைமுடியில் நரை விழுந்திருக்கிறது. உட்காரச் சொன்னதற்கும் உட்காரவில்லை.

"அண்ணே, அந்தப் பதிவு முடியுற எடத்துல அவிய மூச்சு இழுக்காவ. பாதி மூச்சுல நிக்கிது" என்றாள். "தேங்கா அரைச்சு வைக்கச் சொன்ன பொறவு என்னமோ பேச வந்திருக்காவ. அது எனக்கு முத நாளே தெரியும். ஆயிரம் தடவ கேட்டிருக்கேன். மாமாட்ட கேக்கப் பயந்து கெடந்தேன். நான் கேட்டா அவரு சொல்லிருவாரு. சொன்னா நான் அத வச்சிக்கிட்டு எப்படி இருப்பேன்? அவர எல்லாரும் ஏசினப்போ வாய மூடிட்டு இருந்தேன். இனி முடியாது. வெட்டித் தந்தது நீங்கதான, மிச்சத்தக் குடுங்க."

கொடுத்தேன். எதையும் முன்கூட்டிச் சொல்லவில்லை. அவள் நின்றுகொண்டே கேட்டாள். புது வலை என்று ரீகன் சொன்ன இடத்தில் கண்ணை மூடிக்கொண்டாள். "ஷைனிட்ட மட்டும் சொல்லிராதீங்க" என்று வந்ததும், "அடப் பாவி மனுசா" என்றாள். அது ரீகனைச் சொன்னதா கிளீட்டஸைச் சொன்னதா என்று எனக்குத் தெரியவில்லை. பிறகுதான் உட்கார்ந்து அழுதாள். இத்தனை வருஷத்து அழுகை. என் கடைக்கு வந்த ஒருவர் வாசலோடு திரும்பிப் போனார்.

இரைச்சல் தொடங்கியதும் நான் நிறுத்தப் போனேன். "நிறுத்தாதீங்க" என்றாள்.

"இனி ஒண்ணும் இல்ல மக்கா. வெறும் இரைச்சல்தான்."

"இருக்கட்டும்."

இரைச்சல் ஓடியது. திடீரென்று அறுந்தது, சில நொடி ஒன்றுமே இல்லை. மறுபடி இரைச்சல். மறுபடி அறுந்தது. "இது ஏன் நின்னு நின்னு வருது?" என்று கேட்டாள். பழுது என்று சொல்ல வாயெடுத்தவன் அப்படியே நின்றுவிட்டேன். அந்தக் கணினியில் வள்ளங்களில் இருந்து வரும் ஒலி மட்டும்தான் பதிவாகும். கரையில் இருந்து பேசுவது பதிவாகாது. கரையில் இருப்பவர் பேசுவதற்குப் பொத்தானை அழுத்தினால், அந்த நேரத்துக்கு வருகிற இரைச்சல் அடங்கிவிடும். விட்டால் மறுபடி வரும். நானும் கிளீட்டஸும் அன்றைக்கு ரீகனுடைய கடைசிச் சொல்லோடு நிறுத்திவிட்டோம். இந்த மீதியை நான் ஒருநாளும் கேட்டதில்லை.

"அது மாமா கூப்பிடுறாரு மக்கா" என்றேன். "இரைச்சல் அடங்குற எடமெல்லாம் அவரு ரீகன் பேரச் சொல்லிக் கூப்பிடுற எடம். பதில் வருதான்னு விட்டுப் பாக்காரு. வரல்ல. திரும்பவும் கூப்பிடுறாரு."

கடைச் சட்டரைப் பாதி இறக்கிவிட்டு இருவரும் உட்கார்ந்து கேட்டோம். வெயில் ஏறி இறங்கியது. இரைச்சல், அடக்கம், இரைச்சல், அடக்கம். ஒரு சொல் கிடையாது. ரூட்டில் கடைசித் துளிவரை அடைத்துக் கிடந்தது பெரும்பாலும் இதுதான். கம்பம் சரிந்து, மற்ற வள்ளங்கள் எல்லாம் கரை சேர்ந்த பிறகும், பதில் சொல்லாத ஒருவனை விடாமல் கூப்பிட்டுக்கொண்டிருந்த நேரம்.

ஷைனி அதைத் தன்னுடைய போனில் ஏற்றிக்கொண்டாள். "ராபின் அண்ணனுக்க பொண்டாட்டிக்கிட்ட நானே போட்டுக் காட்டுறேன். அக்கா என்ன அடிச்சாலும் சரி. நீங்க கோயில் மலருல எழுதுங்க. ஒண்ணையும் மறைக்காம எழுதுங்க. நான் சொன்னேன்னு எழுதுங்க" என்றாள். எழுதிவிட்டேன். அக்கா அடிக்கவில்லையாம், வெகுநேரம் இருவரும் ஒரே கட்டிலில் உட்கார்ந்திருந்தார்களாம். அதற்குமேல் நான் கேட்கவில்லை, கேட்க எனக்கு உரிமையும் இல்லை.

கிளீட்டஸிடம் இருந்து எனக்கென்று மிஞ்சியது அவர் குரல் இல்லாத அந்தப் பதிவுதான். அதன் முடிவை மட்டும் சொல்லிவிடுகிறேன். அது ஒரு அடக்கத்தின் நடுவில், பொத்தான் அழுந்தியிருக்கும்போதே நிற்கிறது. டிஸ்கில் இடம் தீர்ந்துவிட்டது. அவர் நிறுத்தவில்லை.